இரண்டு மில்லிமீட்டர்

பதினேழும் பதினெட்டும் ஒரு ஜோடி என்றார் வசுமதி மிஸ்.
பதினெட்டு நான்.
பதினேழு ஜெசிந்தா.
பொங்கல் லீவிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

இடது கையை நானே வரைந்துகொள்ளலாம்.
வலது கையை வரைய
வேறொருத்தியின் வலது கை வேண்டும்.

கட்டம் போட்ட தாளில் விரித்து வைத்தேன்.
சன்னலுக்கு வெளியே விசைத்தறிகள்
தடக் தடக்கென்று லுங்கி நெய்துகொண்டிருந்தன.
பென்சில் கட்டைவிரலில் ஏறி
பள்ளத்தில் இறங்கி
ஆள்காட்டி விரலைச் சுற்றி வந்தது.
கூசியது. சிரிக்கவில்லை.
சிரித்தால் அது பேச்சுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சுண்டுவிரலில் பென்சில் நின்றது.
நுனி உள்பக்கம் சாய்ந்த விரல்.
போன வருஷம் வாலிபால் மேட்சில்
அவள் அடித்த பந்து,
கட்டுப் போட மாட்டேன் என்ற என் வீம்பு.
கோணலைக் கோணலாகவே வரைந்தாள்.

நடுவிரல் ஏழு புள்ளி நாலு.
உள்ளங்கை அகலம் ஏழு புள்ளி ஒன்று.
எண்களை என்னிடம் சொல்லவில்லை,
தாளிடம் சொன்னாள்.

இந்த முறைக்கு ரேகை வேண்டாம், என்றார் மிஸ்,
மருதாணி தெரியாது, தழும்பு தெரியாது,
கையின் நிழல் போதும்.
"அப்போ கோட்டை வாசல் ஜோசியருக்கு வேலை போச்சு"
என்றாள் தில்ஷாத்.
ஆபீஸ் சுவரிலிருக்கும் விரல் மெஷின்
தினமும் இரண்டு தடவை மிஸ்ஸைச் சந்தேகப்பட்டு
மூன்றாவது தடவைதான் நம்புகிறது.
இந்தப் பாடமே அந்தக் கோபத்தில் வந்ததோ என்று
எங்களுக்கும் ஒரு சந்தேகம்.

சாப்பாட்டுக்குப் பின் மறுபடி வரைந்து, மறுபடி அளந்தோம்.
மார்ச் மாதக் குடியாத்தம். கரண்ட் இல்லை.
தறிகள் நின்ற அமைதியில்
மேசையில் ஸ்கேல் உரசுவதுகூடக் கேட்டது.
விரல்கள் வெயிலுக்கு வீங்கியிருந்தன.
காலையில் இருந்த நான்
மதியம் அப்படியே இல்லை.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்?
கரும்பலகையில் கேள்வி.
பூஜ்யம் என்று கத்தினாள் முதல் பெஞ்சு கோதைநாயகி.
கழித்துப் பார்த்தோம்.
பூஜ்யம் என்றால்
நாற்பத்திரண்டு பேரும் வாசலில் நிற்கிறோம்,
உள்ளே யாரும் இல்லை.
ஐந்து என்றால்
நான் தில்ஷாத், தில்ஷாத் மீனலோசனி,
மீனலோசனி யாராகவும் இருக்கலாம்.
இரண்டு மில்லிமீட்டரில்
வகுப்பு ஏறக்குறைய அவரவர் ஆனது.
மூன்று பேர் மட்டும் வெளியே.
அதில் ஒருத்தி நான்.
சுண்டுவிரல்
காலையில் ஐந்து புள்ளி மூன்று,
மதியம் ஐந்து.

வீங்கிய விரல் எப்படிக் குட்டையாகும்?

"எப்படி அளந்தே?"
வாய் தவறி வந்துவிட்டது, இரண்டு மாதம் கழித்து.
"காலையில நூல் வச்சு, வளைவோட.
இப்போ ஸ்கேல்ல, நேரா."
"எது சரி?"

மிஸ்ஸைக் கேட்டோம்.
ரெண்டும் சரிதான்,
ரெண்டு தடவையும் ஒரே மாதிரி அளக்கணும், அவ்வளவுதான்
என்று அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

ஜெசிந்தா நூலை எடுத்தாள்.
விரலின் கோணல் மேல் பொறுமையாகப் படிய வைத்துக்கொண்டே
ஏதோ சொன்னாள்.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது.
தெரு முழுக்கத் தறிகள்.
என்னவென்று நான் திரும்பக் கேட்கவில்லை.

சாயங்காலம் கவுண்டன்யா பாலம் தாண்டும்போது பார்த்தேன்,
விரல்களின் ஓரமெல்லாம்
அவள் பென்சிலின் கரி.