காய்ந்த காலுறை

எடுவினாவின் மகன் குடியை விட்டது
ஒன்பது விடியலுக்குப் பிறகு.
முழங்கால் ஆழக் கடலில் நின்றாளாம்,
கையில் மெழுகுவர்த்திகூட இல்லையாம்,
"எடுத்துக்கொள்" என்ற ஒரே சொல்லாம்.
பத்தாம் நாள் அவன்
புட்டியைக் கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டு
வலை உலர்த்தப் போனான்.
சிலோயே தீவில், எங்கள் குடாவில்
இது தெரியாத வீடில்லை.

எனக்கும் ஒருவன் உண்டு,
தம்பி அனிசெத்தோ.
தெற்கே சால்மன் பண்ணைக்குப் போனவன்.
நான்கு வருடமாய் ஒரு வரி இல்லை.
உயிரோடிருக்கிறான் என்கிறார்கள்;
பார்த்த ஊரை மட்டும்
ஆளுக்கொன்றாய்ச் சொல்கிறார்கள்.

ஆகவே நானும் இறங்கினேன்.
அதே கடல். அதே ஜூலைக் குளிர்.
அவள் பாவாடையில் உப்புக்கோடு படிந்த உயரத்தைக்
கேட்டு அளந்துகொண்டேன்.
அதே ஒரு சொல்.
அடுத்த வீட்டு மருந்துச் சீட்டை நீட்டி
மருந்துக்குக் காத்திருப்பவள் போல
நின்றேன் உன் முன்.

முதல் நாள் மழை.
இரண்டாம் நாளும் மழை.
மூன்றாம் நாள் ஒரு கடற்சிங்கம் தலைதூக்கி,
கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்து,
உள்ளே போய்விட்டது.
நான்காம் நாள் காய்ச்சல்.
ஐந்தாம் நாள் காய்ச்சலோடு கடல்.

ஆறாம் நாள்
கரையில் யாரோ நிற்பது தெரிந்தது.
சொல்ல வெட்கம்,
ஒரு நொடி தம்பியின் தோள் என்றே நினைத்தேன்.
கிட்டே போனால் ரெமிஹியா.
வேலிக்கம்பு ஒன்று நகர்ந்ததற்காகப்
பதினோரு வருடம் என்னோடு பேசாதவள்.
"கால் விறைத்துப் போகும்" என்றாள்.
கம்பளிக் காலுறை ஒரு ஜோடியைக்
கல்மேல் வைத்துவிட்டுத்
திரும்பிப் பாராமல் மேடேறினாள்.

இதையா கேட்டேன்?

கல்லில் உட்கார்ந்து அழுதேன்.
கோபத்தில்தான்.
பிறகு, கால் குளிர்ந்ததால்,
மாட்டிக்கொண்டேன்.

நொல்பெர்த்தோ ஜெபித்தே அறியாதவன்.
புயலில் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து
உன்னைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டே
கரை சேர்ந்தான்.
அதே இரவில்
ஜெபமாலையோடு போன இருவர் சேரவில்லை.
கோயில் சாவி வைத்திருக்கும் ஒத்திலியோ
முப்பது வருடமாய் முழந்தாளிடுகிறார்.
மனைவியின் கண் வருடா வருடம் மங்குகிறது.
அவளைக் கைபிடித்துக் கூட்டி வரும்போது
இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.
அந்தச் சிரிப்பின் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது.
இப்போதும் அது புரிந்தபாடில்லை.
எரிச்சல்தான் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

ஆலையில் சிப்பி பிரிக்கும்போது
ஜன்னல் வழியே நீரேற்றம் பார்ப்பேன்.
தூக்குவது ஒரே நிலவு.
எங்கள் குடாவில் பூனைபோல் ஏறுகிறது.
முனைக்கு அப்பால் பாறையை அறைகிறது.
ஆலைக்குப் பின்னுள்ள சதுப்போடைக்கு
எல்லாருக்கும் பிந்தி,
நாணலுக்கடியில்,
வந்ததே தெரியாமல் வருகிறது.
அந்த ஓடையைக் கடல் மறந்துவிட்டது என்று
இங்கே யாரும் சொல்வதில்லை.

தம்பி இன்னும் எழுதவில்லை.
அதை இதனால் அழிக்க மாட்டேன்;
இதை அதனால் அழிக்கவும் மாட்டேன்.
காலுறையைத் துவைத்துத் திருப்பித் தரப் போன அன்று
ரெமிஹியா உருளைக்கிழங்கு அவித்திருந்தாள்.
வேலியைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

போன வாரம் அக்கரைத் தீவிலிருந்து
ஒருத்தி படகேறி வந்தாள்.
அக்காவோடு ஏழு வருடப் பகையாம்.
"நீ எத்தனை விடியல் நின்றாய்,
பகை தீர?" என்று கேட்டாள்,
விரலை மடக்கி எண்ணத் தயாராக.

ஆறு என்று நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.

"தண்ணீர் ரொம்பக் குளிரும்" என்றேன்.
"காலுறை வேண்டுமானால்
தருகிறேன்."