ஆரோ பாவித்த காற்று

பெரியாஸ்பத்திரியில் மூச்சு அளக்கிற அறை.
நாளுக்கு முப்பது தரம் சொல்வேன்:
ஊதுங்கோ, ஊதுங்கோ, இன்னும் இன்னும் இன்னும்,
விட்டிடாதேங்கோ.
இப்போது அதையும்
இரண்டு மாஸ்க்குக்கு உள்ளே நின்று சொல்ல,
என் சொல் முதலில் என்னையே சுடுகிறது.

குருநகர் யூட் செபமாலை வந்தார்.
அட்டைக்கு முழுகுகிறவர்.
உப்பில் வெடித்த காதுமடல்,
அதில் நீலத் துணியின் நாடா.
"தங்கச்சி, ஏழு பாகத்திலை நிண்டு பொறுக்குவன்,
இந்தச் சாண் துணிக்குள்ளை
மூச்சு முட்டுது."

விரலில் கருவியைக் கொளுவினேன்.
மாஸ்க்கோடு தொண்ணூற்றெட்டு.
கழற்றச் சொல்லி, யன்னலைத் திறந்து,
ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தேன்.
தொண்ணூற்றெட்டு.
"மெசின் கள்ளம்" என்றார்.
"இல்லை அண்ணை, காத்திலை குறையில்லை.
சூடும் ஈரமும்தான் கூட."

சிரித்திருப்பார்; கண்ணோரம் சுருங்கிற்று.
"அடியிலை பிடிக்கிற மூச்சு என்ரை.
இது ஆரோ பாவிச்சிட்டுத் தந்த மாதிரி."

ரிப்போட்டில் அதை எழுத
ஒரு கட்டம் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பதினாறு பேர்.
கண்ணாடி புகார் பிடித்து
ஒவ்வொரு முகமும் அழிந்து அழிந்து வந்தது.
காலையில் தின்ற புட்டும் மாசிச் சம்பலும்
என்னை விட்டுப் போகமாட்டோம் என்றிருந்தன.
மூச்சு வெளிக்கிடும், துணியில் முட்டும்,
திறப்பை மறந்தவன்போலத் திரும்பி வரும்.

முப்பத்திநாலு வயதில்
இன்றுதான் என்னை நான் மணந்தேன்.
நல்ல மணமும் இல்லை, கெட்டதும் இல்லை.
கனநாள் பூட்டியிருந்த அலுமாரி.
ஆரோ பாவித்ததுதான்.
அந்த ஆரோ
நான்தான்.

ஐந்தரைக்கு ஸ்கூட்டியில் பண்ணைப் பாலம்.
ஆளில்லாத இடம் பார்த்து
மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினேன்.
சோளகம்.
வற்றுக்கடல், அழுகின சாதாழை,
எங்கோ காயும் கருவாடு,
முன்னால் போன லொறி கக்கின கரி.
எப்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற இடம்.
இன்று வாயையும் திறந்துகொண்டு போனேன்.

தூரத்தில் ஒரு வள்ளம்.
பக்கத்தில் ஒரு தலை
தெரிந்தது, தாண்டது.
கேளாமலே எண்ணத் தொடங்கிவிட்டேன்,
வேலைப் பழக்கம்.
ஐம்பத்திரண்டில் காவலரண் வந்தது.
மாஸ்க்கை மேலே இழுத்து,
அடையாள அட்டையை நீட்டி,
அவன் கையசைக்கும் வரை
கடலைத் திரும்பிப் பார்த்தபடி நின்றேன்.

இன்னும் எழும்பவில்லை.