வகை தொகை

செக்காலை ரோட்டில் மாடி அறை. மே மாதம், மதியம் மூன்று.
என் எண்ணெய்ச் சட்டியில் எண்ணெய் இல்லை.
நாற்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் எண்.
பக்கத்துக் கட்டம் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் கொடு,
சூடாயிருந்தால் கொஞ்சம் வாங்கு.
வெப்பத்துக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.
இடது ஓரத்தில் ஹீட்டர்,
முப்பத்தோராம் கட்டத்தில் உணரி.
நூற்றெண்பதில் நிற்க வேண்டும்,
பள்ளத்தூர் வயிரவனின் ஆலையில்
சீப்புச் சீடை சிவந்து, கருகாமல் வர.

முதலில் குறைக்கேற்ற சூடு மட்டும்.
நூற்றெழுபத்தொன்றில் வந்து நின்றுகொண்டது கோடு,
கோயில் வாசல்வரை வந்துவிட்டு
செருப்பை எங்கே விடுவது என்று யோசிக்கிறவன் மாதிரி.

பெருக்கத்தைக் கூட்டினேன்.
ஏறியது, விழுந்தது, ஏறியது.
திரை முழுக்க ரம்பப் பல்.
"வகைதொகை இல்லாம ஏத்தினா இப்படித்தான் நாச்சம்மை"
என்றான் இருதயராஜ், தேவகோட்டையிலிருந்து, போனில்.
திட்டினான். வைத்த பிறகுதான் உறைத்தது,
திட்டல்ல, விடை.

வகை: கோடு இந்த நொடி எந்தப் பக்கம், என்ன வேகத்தில் சாய்கிறது.
தொகை: இதுவரை விழுந்த துண்டெல்லாம் கூட்டி.

தொகை என்றால் இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டுமா.
ஒன்பது டிகிரி பாக்கி;
நொடிக்கு நொடி பேரேட்டில் ஏறியது.
கோடு அசைந்தது. நூற்றெண்பதைத் தொட்டது.
நிற்காமல் போனது,
இருநூற்று நான்குக்கு.
பச்சை எண்ணெயாக இருந்த நேரத்துப் பாக்கி
இப்போது வசூலாகிறது.
ஹீட்டர் முழுமூச்சாய் எரிந்தும் எட்டாத
அந்த ஆறு நிமிடத்துக்கும் நான் வட்டி எழுதியிருக்கிறேன்.

ஒரு வரி சேர்த்தேன்:
கொடுக்கிறவன் கையில் இனி இல்லை என்றால்
எழுதுவதை நிறுத்து.

ஐந்தே காலுக்குக் கோடு படுத்துவிட்டது,
ஆத்தங்குடிக் கல் பாவிய தரைபோல.
ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை.
டீ போட்டேன். குடிக்கவில்லை.
இவ்வளவு சொன்னபடி கேட்கிற எண்ணெயை
நான் பார்த்ததே இல்லை.

ஆறரைக்குக் கண்டுபிடித்தேன்.
உணரிக்கு உறை போடவில்லை.
வயிரவனின் சட்டியில் அது எஃகுக் குழலுக்குள் கிடக்கும்.
எண்ணெய்க்குச் சுட்டது அதற்குச் சுட
பதினொரு நொடி.
நடக்கும்போதே தெரிந்துகொள்கிற உணரியைத்தான்
இத்தனை நேரம் நம்பியிருக்கிறேன்.
அது எந்தக் கடையிலும் இல்லை.

பதினொரு நொடியைப் போட்டதும்
மறுபடி ரம்பம்.
பெருக்கத்தைப் பாதியாக்கினேன். தொகையை மூன்றில் ஒன்றாக.
வகையை உப்புப்போல.
கரண்ட் போனது. விசிறி நின்றது.
மடிக்கணினியில் முப்பத்தெட்டு சதவீதம்,
கழுத்துக்குப் பின்னால் வேர்வை.

நான்கு கிலோ மாவை, எண்ணாக, சட்டியில் இறக்கினேன்.
நூற்றறுபத்தெட்டு.
அவசரப்படாமல் மேலே வந்து
நூற்றெண்பத்து நான்கு,
பிறகு இறங்கி, உட்கார்ந்தது.
அழகில்லை. அனுப்பிவிட்டேன்.

"நாலு டிகிரி ஏறுதேம்மா?" வயிரவன் கேட்டார்.
ஒவ்வொரு நாளும் முதல் ஈட்டில் மட்டும், அண்ணே.
"அதை எப்பவும் நாங்க எடை போடுறதில்ல.
பிள்ளைகளுக்குப் போயிரும்."

பதினொரு நொடியைத் தேடி மூன்று மணி நேரம்.
அவர் கணக்கில் நாலு டிகிரிக்கு
ஏற்கெனவே இடம் இருந்தது.

கரண்ட் வந்தது.
விசிறி, எடுத்த எடுப்பில்,
முழு வேகம்.