ஏழு மீட்டர்

ஃபண்டி வளைகுடாத் துறையில்
அளவுகோல் பார்ப்பது என் வேலை.
மணிக்கொரு குறிப்பு, இரவிலும்.
மாதக் கடைசியில் எல்லாம் கூட்டி வகுத்து
கரும்பலகையில் எழுதினேன்:
கடல் மட்டம், ஏழு மீட்டர்.

மட்டி தோண்டும் யூஃபெமி கோமோ
கூடையை இறக்கிவிட்டுப் படித்தாள்.
"ஏழில் எப்போது நிற்கும்?"

நிற்காது.
ஏறும்போதும் இறங்கும்போதும்
ஏழின் மேல் கால் பாவாமல் ஓடும்.
அங்கேதான் அதற்கு அவசரம் அதிகம்.
நின்று மூச்சு வாங்குவதெல்லாம்
பதிமூன்றில்,
இல்லையென்றால் ஒன்றில்.

அவள் போன பிறகு
ஏழுக்கு மேலே போனதையும் கீழே போனதையும்
அப்படியே கூட்டிப் பார்த்தேன்.
பூஜ்யம்.
கடல் அசையவே இல்லை என்கிறது கணக்கு;
வாசற்படியில் அவள் பூட்ஸ் விட்டுப்போன சேறு.

ஒவ்வொரு விலகலையும் அதனாலேயே பெருக்கினேன்,
கழித்தல் குறிகள் உதிர்ந்தன.
கூட்டி, வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால்
நாலேகால்.
ஏழுக்குப் பக்கத்தில் அதையும் எழுதிவைத்தேன்.

மறுநாள் வற்றம் முடிந்து வந்தவள்
இரண்டாவது எண்ணில் விரல் வைத்தாள்.
"இது என் வயல். அது யாருடையது?"

தெரியவில்லை.
வரைபடக்காரர்களுடையதாய் இருக்கலாம்.

கூடை நிறைய மட்டி.
பலகையில், நாலின் மேல்
இன்னும் காயாத சேறு.