இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தொன்பது

ஆம்பூரில் கத்திரி வெயில்.
பனியில் நடக்கிறவர்களின் பூட்ஸுகளை
நான் பெட்டியில் அடுக்குகிறேன்.
உள்ளே ஆட்டு ரோமம்,
ஈரம் குடிக்கும் சின்னப் பொட்டலம்.
தலைக்கு மேல் ஃபேன் சுடுகாற்றைக் கிண்டுகிறது.

போன வருஷம் வரை பேக்கிங்கில் இரண்டு மேசை.
ஒன்றுக்குப் பெரிசு என்று பெயர்.
மற்றதற்குச் சில்லறை. பில்கிஸ் வைத்தது.

பெரிசு என்றால் ஐரோப்பா முழுக்க விற்கிற அந்த ஒரே அங்காடி.
லாரி பைபாஸ் ஏறித் துறைமுகம் போகும்.
அங்கே யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது, விதி தெரியும்:
பார்கோடு விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர்.
நான்கானால் அபராதம்.
ஒருமுறை சூட்டில் பசை இளகி
நாற்பது பெட்டிகளில் வழுக்கிவிட்டது.
ஜியாவுதீன் சார் அன்று மதியம் சாப்பிடவில்லை,
எங்களைத் திட்டவுமில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

சில்லறை என்றால் ஹைக்கே.
பிரெமன் என்கிற ஊரில் ஒரு பொம்பளை
தானே படம் எடுத்து, தானே விலை எழுதி
இணையத்தில் நடத்துகிற கடை.
மாதம் முப்பது ஜோடி, மிஞ்சினால் நாற்பது.
அதிலும் பாதி ஜோடியே இல்லை:
இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தொன்பது.

தப்பாக அடித்துவிட்டாள் என்று
முதல்முறை திரும்பக் கேட்டோம்.
இல்லையாம்.
சின்ன வயதில் போலியோ வந்தவர்கள்,
ஒரு கால் வீங்கியே இருக்கிறவர்கள்,
இதுவரை இரண்டு ஜோடி வாங்கி
இரண்டு ஒற்றைகளை எறிந்து வந்தவர்கள்
அவளைத் தேடிப் பிடித்து வருகிறார்களாம்.

அன்று சாப்பாட்டு நேரத்தில்
பில்கிஸ் இரும்பு ஸ்கேலில் தன் பாதத்தை அளந்தாள்.
பிறகு செக்யூரிட்டி குணாளன்.
பிறகு நான். எனக்கு இடது கொஞ்சம் கூட.
ஒருத்தருக்கும் இரண்டும் ஒன்றாக இல்லை.

அனுப்பியது போக
தலைகீழ் ஜோடி ஒன்று இங்கே தங்கிவிடும்:
இடது முப்பத்தொன்பது, வலது முப்பத்தெட்டு.
மேல் தட்டில் வைத்தோம்.
சார் கேட்டால் சாம்பிள் என்போம்.

நியாயம் பேசுகிற இடத்தில் நான் இல்லை.
பையனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்
போனில்தான் வாங்கினேன், ராத்திரி பதினொன்றுக்கு.
பஜாரில் யாகூப் பாயிடம் பத்து ரூபாய் கூட,
எத்தனாவது படிக்கிறான், என்ன மார்க் என்று
அவருக்குப் பதில் வேறு சொல்ல வேண்டும்.
என் ஓவர்டைம் பெரிசு மேசையில்தான் ஓடியது.
சில்லறையை நம்பியிருந்தால்
சீட்டு இரண்டாம் மாசமே நின்றிருக்கும்.

ஐப்பசி மழையில் ஹைக்கேயின் மெயில் வந்தது.
சார் நின்றபடியே தமிழில் சொன்னார்:
"தேடினால் நாலாம் பக்கத்தில்தான் வருகிறேன்.
தை பிறந்தால் நானும் அங்கேயே விற்கிறேன்.
பார்கோடு உங்களுக்குப் பழக்கம்தானே."

படிவத்தில் அளவுக்கு ஒரே ஒரு கட்டம்.
முப்பத்தெட்டு கமா முப்பத்தொன்பது அடித்தேன்.
சிவப்பு.
நடுவில் கோடு போட்டேன். சிவப்பு.
முப்பத்தெட்டரை என்றேன்,
உடனே பச்சை.
கேட்டவரின் எந்தக் காலுக்கும் சேராத அளவு.
அழித்துவிட்டு, சார் சொன்னபடி
முப்பத்தொன்பது மட்டும் போட்டேன்.

இப்போது ஒரே மேசை.
சில்லறை இருந்த இடத்தில் டேப் ரோல்கள்.
இன்று தட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.
பதினோரு தலைகீழ் ஜோடி,
தூசி தட்டிக் கீழே இறக்கினேன்.
பில்கிஸ் கதவைப் பார்த்துக்கொண்டாள்.
ஒன்றை மாட்டிப் பார்த்தேன்.

இடதும் சரி, வலதும் சரி.
நாற்பத்தொரு டிகிரியில்
ஆட்டு ரோமத்துக்குள்
கால் இரண்டும் வியர்த்துக் கொட்டின.
கழற்ற மனசில்லாமல்
அடுத்த பெட்டியை எடுத்தேன்.
விளிம்பிலிருந்து மூன்று சென்டிமீட்டர்.