எண் நூற்றுப் பதினேழு

கொம்தார் மூன்றாம் மாடியில்
எங்கள் கடையில் விற்பனைக்கு எதுவும் இல்லை.
ஒரு மேசை, ஒரு மின்விசிறி,
அட்டைப்படங்கள் செருகிய ஐந்து தடித்த கோப்புகள்.
நீங்கள் எண்ணைச் சொல்வீர்கள்.
தவுக்கே தலையை ஆட்டுவார்.
நான் ஓடுவேன்.

சரக்கு எங்கே என்று
எனக்கும் புவனேசுக்கும் மட்டுமே தெரியும்.
வாரம் ஓர் இடம்:
தையல்கடையின் பொய்க்கூரை,
மூடிக்கிடந்த பல் மருத்துவமனை,
ஒருமுறை
தீயணைப்புக் குழாய்ப் பெட்டி.
லிஃப்ட் வாசலில்
சோளம் விற்பவன்போல் நிற்பான் புவனேஸ்.
சோளம் யாரும் வாங்கியதில்லை.
அமலாக்கக்காரர்கள் வந்தால்
"மழை" என்று ஒரு குறுஞ்செய்தி.
வெயில் கொளுத்தும் மத்தியானத்தில்
மாடி முழுக்க ஷட்டர்கள் இறங்கும்.

நூற்றுப் பதினேழு, அந்த ஒற்றன்.
திரையில் நாற்பது வருடமாய்
முகத்தை மாற்றிக்கொண்டே வருபவன்,
கோட்டை மாற்றாதவன்.
ஆட்டத்துக்குள் வந்தபோது
அவன் தலை ஒரு பெட்டி.
பெட்டிமேல் ஒட்டிய புகைப்படம் அவன் முகம்.
விரல் பிரியாத கையில்
துப்பாக்கி முளைத்திருக்கும்.
படத்தில் குடிப்பான், முத்தமிடுவான், சீட்டாடுவான்.
இங்கே அதற்கெல்லாம் பொத்தான் இல்லை.
திற. குனி. சுடு.
எங்கள் பிரதி ஐந்து ரிங்கிட்.
ஏழாவது கட்டத்தில், ரயில் கிளம்புமுன்,
உறைந்துபோகும்.
குறை சொல்லி வருபவர்களிடம் தவுக்கே கேட்பார்:
ஐந்து ரிங்கிட்டுக்கு ஆறு கட்டம் போதாதா?

அன்று வந்தவரைக்
காலணியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
கொம்தாரில் அத்தனை பளபளப்பாய் யாரும் நடப்பதில்லை.
தவுக்கே காலண்டரைப் பார்த்தார்.
நான் என் சிலிப்பரை.
அவர் கோப்பைத் தொடவில்லை.
"அடேக்," என்றார், மலாயில், என்னைத்தான்.
"என் மகள் மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டாள்.
காவலனைச் சுட்டால் சங்கு ஊதுகிறது.
சுடாவிட்டால் அவன் சுடுகிறான்.
இரண்டு நாளாய்ச் சரியாகச் சாப்பிடவில்லை."

பொறியோ என்று யோசிக்குமுன்
வாய் முந்திக்கொண்டது.
"சுட வேண்டாம். தூண் மறைவில் நிற்கச் சொல்லுங்கள்.
பதினொன்று வரை எண்ணினால்
சுவரைப் பார்த்துத் திரும்புவான்.
முதுகுக்குப் பின்னாலேயே போய்விடலாம்."
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்: 11.
தே ஓ குடி என்று இரண்டு ரிங்கிட் வைத்தார்.
தவுக்கே அந்தத் தாள்களை
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

ஒன்பதாம் நாள்
மழை வராமலே அவர்கள் வந்தார்கள்.
புவனேஸ் கழிப்பறையில் இருந்தானாம்,
இன்றும் அப்படித்தான் சொல்கிறான்.
பள்ளிப் பையில் இருநூறு குறுந்தட்டுகளோடு
படிக்கட்டில் இறங்கினேன்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்தக் காலணி.
பார்த்தார்.
பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.
பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்
கைத்தொலைபேசியைக் காதில் வைத்தார்.
மணி அடித்ததா? எனக்குக் கேட்கவில்லை.
எண்ணவும் தோன்றவில்லை.
அவர் முதுகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே
ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் இடைவெளி.
போனேன்.

தவுக்கேவுக்கு அபராதம்.
மறுமாதம் அதே மேசை, நான்காம் மாடியில்.

அன்றிரவு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
சத்தத்தைக் குறைத்துவிட்டு
நூற்றுப் பதினேழைப் போட்டேன்.
மூன்றாம் கட்டம். தூண்.
பதினொன்று. திரும்பினான்.
வழி திறந்துதான் கிடந்தது.
நான் போகவில்லை.
சுற்றிக்கொண்டு முன்னால் வந்து
அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவனுக்கும் ஒட்டிய புகைப்படம்தான்.
ஆட்டம் செய்த கம்பெனியில்
யாரோ ஒரு குமாஸ்தாவுடையதாக இருக்கலாம்.
கொஞ்சம் தூக்கக் கலக்கம்,
காலை பஸ்ஸைத் தவறவிட்ட சாயல்.
அவன் என்னைக் கண்டான்.
சங்கு ஊதியது.
பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு
அவன் சுடும்வரை நின்றேன்.
நன்றாகத்தான் குறி பார்த்தான்.