என்னுது

லிமாவில் காற்றடித்த பந்து
மலையேறி வருவதற்குள் கல்லாகிவிடுகிறது.
பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலை
ஊசியைச் செருகி
கொஞ்சம் மூச்சை வெளியே விடுவது.
கடலோரக் காற்று
ஹூலியாக்காவின் குளிரில் உஸ்ஸென்று கரைகிறது.
ஐந்தாம் வகுப்பு சுற்றி நின்று
அதை முகத்தில் வாங்கிக்கொள்கிறது.
"கடல் வாசம் வருது மிஸ்" என்கிறான் வில்ஃபோர்.
ரப்பர் வாசம்தான்.
நான் மறுக்கவில்லை.

வலை கிடையாது.
கோல் கம்பத்துக்கும் கழிப்பறைக் குழாய்க்கும் நடுவே
நீல நைலான் கயிறு,
அதில் யாரோ காயப்போட்டு மறந்த ஒற்றைக் காலுறை.
மேலே போனால் சரி, கீழே போனால் தப்பு,
காலுறையில் பட்டால் மறுபடி.

மார்ச் முழுக்கக் கைகளைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.
ஒரு கைக்குள் இன்னொரு கை.
கட்டை விரல்கள் பக்கத்தில் பக்கத்தில்,
ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது.
முழங்கையை மடக்காதே.
அடிக்காதே, ஏந்து.
கையால் தூக்காதே, முழங்காலால் தூக்கு.
உடனே நாலு பேர்
முழங்காலால் பந்தை இடித்தார்கள்.
தப்பு என்மேல்தான்.

ஏப்ரலில் முன்கைகள் சிவந்தன.
யாருடையது அதிகச் சிவப்பு என்று
இடைவேளையில் வரிசையாக நீட்டி வைத்துப் பார்த்தார்கள்.

மே மாதம் ஆறு ஆறு பேராகப் பிரித்து விட்டேன்.
அன்றைக்குத்தான் தெரிந்தது:
கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது,
பந்து மட்டும்
இருவருக்கு நடுவே பொத்தென்று விழுகிறது.
நெய்சா எடுப்பாள் என்று எடெல்மிரா,
எடெல்மிரா எடுப்பாள் என்று நெய்சா.
பிறகு இருவரும் மரியாதையாகத்
தரையைப் பார்க்கிறார்கள்.

"வாயைத் திறங்க. என்னுதுன்னு கத்துங்க."

எடெல்மிரா ஐந்து பேரில் நாலாவது.
செவ்வாயன்று மட்டும் அவளுக்கு ஷூ.
வியாழனன்று அதே ஷூ அக்காவின் வகுப்புக்கு வரும்.
ஷூ யாருது? எங்களுது.
பென்சில்? எங்களுது.
தொப்பி? எங்களுது மிஸ்.
"நம்மளுதுன்னு கத்தலாமா?" என்று கேட்டாள்.
நியாயமான கேள்வி.
பதில் யோசிக்கும் நேரத்தில்
இன்னொரு பந்து விழுந்தது.

ஒன்பது தடவை வீசினேன்
இருவருக்கும் சரியாக நடுவில்.
ஒன்பதும் தரைக்குப் போயின.
பத்தாவது கொஞ்சம் தாண்டிப் போனது,
இங்கே காற்று மெலிவு, பந்துகள்
நினைத்த இடத்தில் நிற்பதில்லை.
அவள் பின்னால் ஓடினாள்.
"என்னுது."
குரல் என்று சொல்ல முடியாது.
ஊசி வழியாக வந்ததே, அந்த மாதிரி ஒன்று.

பந்து முன்கையில் படவில்லை. மூக்கில் பட்டது.
குனிய வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.
இடது ஷூவின் நுனியில் ரெண்டு சொட்டு.
என் விரல்களுக்கு நடுவிலிருந்து
அடைத்த மூக்கோடு கேட்டாள்:
"கேட்டுச்சா மிஸ்?"

அதற்கப்புறம் வந்தது வேறு தொல்லை.
ஆறு பேரும் கத்துகிறார்கள்.
எதிரணியின் பந்துக்கும் வில்ஃபோர் கத்துகிறான்.
காலைப் பால் வரிசையில் கத்துகிறார்கள்.
நெய்சாவும் எடெல்மிராவும்
ஒரே பந்துக்கு ஒரே சமயத்தில் கத்தி
மண்டையும் மண்டையும் மோதி
ஒரு பால்பல் சிமெண்டில் உருண்டது.
பாடத்தின் பாதியைத்தான் நடத்தியிருக்கிறேன்.
ஒருத்தி சொன்னால் மற்றவள் விலக வேண்டும்.
விலகிப் போய்விடக் கூடாது,
ஒரு அடி பின்னால் நிற்க வேண்டும்,
முழங்கால் மடக்கி,
அவள் தவறவிட்டால் என்று.
இதைச் சொல்லிக்கொடுப்பது
கையைச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்.
ஜூலை வந்தும் முடியவில்லை.

மதிப்பீட்டுத் தாளில் மூன்று கட்டம்:
சர்வ், ரிசீவ், செட்.
எடெல்மிராவுக்கு மூன்றிலும் சி.
உண்மை அதுதான், போட்டேன்.
ஓரத்தில் பென்சிலால்
"கேட்கிறது" என்று எழுதினேன்.
தாளைச் சுத்தமாக எழுதித் தரச் சொல்லி
அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள்.

இன்று வியாழன். அக்காவின் வகுப்பு.
பந்தை ஏந்தக் காலை அகட்டி நிற்கிறாள்.
இடது ஷூவின் நுனியில்
பழுப்பாக ரெண்டு புள்ளி.
தங்கச்சியுது, என்கிறாள்
நான் கேட்காமலேயே.